எந்த மெஷின் ஓட வேண்டும், எதில் எவ்வளவு சுமை ஏற்ற வேண்டும்: மின்பிறப்பாக்கச் செலவுக் கணக்கு

ஒரு மின் நிலையத்தைக் கட்ட எத்தனை கோடி போனது என்பது, அதை இன்று ஓட்டுவதா என்ற முடிவில் ஒரு சதமும் சேராது. கட்டுமானக் கடன், ஊழியர் சம்பளம், காப்புறுதி, தனியார் நிலையத்துக்கு மாதாமாதம் கொடுக்கும் கொள்ளளவுக் கட்டணம் எல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகிற காசு. இன்னும் ஒரு யுனிற் எடுத்தால் மேலதிகமாக என்ன செலவாகும் என்பதை மட்டும் பார்க்க வேண்டும். நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்துக்கும் இதே விதிதான், வாழைச்சேனையில் ஒரு ஐஸ் கொம்பனியில் நிற்கும் டீசல் ஜெனரேற்றருக்கும் இதே விதிதான்.

எரிபொருளை ரூபாய்க்கு மாற்றுதல்

ஒரு யுனிற் (ஒரு கிலோவாட் மணி) 860 கிலோகலோரிக்குச் சமம். 860ஐ நிலையத்தின் வினைத்திறனால் பிரித்தால் அந்த நிலையத்தின் வெப்ப வீதம், அதாவது ஒரு யுனிற் எடுக்கத் தேவையான வெப்பம், வரும். அதை எரிபொருளின் கலோரிப் பெறுமானத்தால் (ஒரு கிலோ அல்லது ஒரு லீற்றர் எரிந்தால் வரும் வெப்பம்) பிரித்தால், ஒரு யுனிற்றுக்கு எத்தனை கிலோ அல்லது எத்தனை லீற்றர் எரிகிறது என்று தெரியும்.

நிலக்கரி நிலையம் 36 வீத வினைத்திறனில் ஓடுகிறது என்று வையுங்கள். 860 ÷ 0.36 = 2,389 கிலோகலோரி. கிலோவுக்கு 6,000 கிலோகலோரி தரும் கரி என்றால் யுனிற்றுக்கு ஏறத்தாழ 0.40 கிலோ. கெரவலப்பிட்டி போல உலை எண்ணெயில் ஓடும் கூட்டுச் சுழற்சி நிலையத்துக்கு (எரிவாயுச் சுழலியின் புகைச் சூட்டிலிருந்தும் மின்சாரம் எடுப்பது) 45 வீதம் எடுத்தால் 1,911 கிலோகலோரி. லீற்றருக்கு 9,700 என்றால் 0.197 லீற்றர். டீசலில் ஓடும் தனி எரிவாயுச் சுழலி 28 வீதம்தான் தரும் என்றால் 3,071 கிலோகலோரி, 0.34 லீற்றர்.

கணக்கு விளங்குவதற்காக கரி கிலோ 45 ரூபா, உலை எண்ணெய் லீற்றர் 200, டீசல் 280 என்று போடுவோம். யுனிற்றுக்கு முறையே 18, 39, 95 ரூபா வருகிறது. மலிவானதில் தொடங்கி அடுக்கினால் அதுதான் ஓட்டும் வரிசை. விலை மாறும்போது எண்ணை மாற்றிப் போடுங்கள். வரிசை மாறுவதற்கும் இடமுண்டு.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. கலோரிப் பெறுமானத்துக்கு மொத்தம், நிகரம் என்று இரண்டு அளவு உண்டு: புகையோடு போகும் நீராவியின் வெப்பத்தையும் சேர்த்தால் மொத்தம், விட்டால் நிகரம். எண்ணெய்க்கு இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 6 வீத வித்தியாசம். வெப்ப வீதத்தை ஒன்றிலும் எரிபொருளை மற்றதிலும் எடுத்தால், பக்கத்துப் பக்கத்து விலையில் இருக்கும் இரண்டு நிலையங்கள் வரிசையில் இடம் மாறிவிடும். யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள்.

சராசரியை விட்டு அடுத்த யுனிற்றைப் பார்த்தல்

மேலே போட்டது சராசரி. ஒரே மெஷின் கால் சுமையில் ஒரு விதமாகவும் முழுச் சுமையில் வேறு விதமாகவும் குடிக்கும். ஆகவே அதன் எரிபொருள் வளைகோடு, அதாவது எந்தச் சுமையில் மணிக்கு எவ்வளவு எரிகிறது என்ற கோடு, தேவை. அரிசி ஆலை, ஐஸ் கொம்பனி, ஹோட்டல் வைத்திருப்பவர் இதைத் தானே அளக்கலாம்.

ஜெனரேற்றரை 25, 50, 75, 100 வீதச் சுமையில் ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் நிலையாக வைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் யுனிற் மீற்றரையும் டீசல் தாங்கியின் மட்டத்தையும் எழுதுங்கள். எஞ்சினுக்குப் போகும் குழாயில் மட்டும் ஓட்டமானி பூட்டி அளக்காதீர்கள்: எரியாத டீசலில் ஒரு பங்கு திரும்பும் குழாய் வழியாகத் தாங்கிக்கே வரும், அளவு கூடுதலாகக் காட்டும். பெயர்ப்பலகையில் 250 கேவீஏ என்று இருந்தால் 0.8 வலுக்காரணியில் (கேவீஏயில் உண்மையான வேலைக்குப் பயன்படும் பங்கு) அது 200 கிலோவாட்தான். நான்கு புள்ளிகளையும் எக்செலில் போட்டு இரண்டாம் படி வளைகோடு எடுத்தால் கீழே உள்ளதுபோல ஒரு சமன்பாடு வரும்.

பெரியது, 200 கிலோவாட்: மணிக்கு லீற்றர் = 8 + 0.20 × சுமை + 0.00015 × சுமை × சுமை
சின்னது, 100 கிலோவாட், பழசு: மணிக்கு லீற்றர் = 5 + 0.22 × சுமை + 0.0004 × சுமை × சுமை

முதல் எண் (8, 5) எஞ்சின் சும்மா சுற்றுவதற்கே போகும் டீசல். அடுத்த யுனிற்றின் செலவில் அது வராது. பெரியதில் அடுத்த யுனிற் 0.20 + 0.0003 × சுமை, சின்னதில் 0.22 + 0.0008 × சுமை. இரண்டும் ஓடும்போது இந்த இரண்டு எண்களும் சமமாகும் இடத்தில் மொத்தச் செலவு மிகக் குறைவு. ஒன்றில் அடுத்த யுனிற் மலிவாக இருக்கும் வரைக்கும் சுமையை அதற்கு நகர்த்திக்கொண்டே இருந்தால் இந்தச் சமநிலைக்குத்தான் வந்து சேருவீர்கள். துறைக்காரர் அந்தச் சமமான எண்ணை லாம்டா என்பார்கள்.

மொத்தச் சுமை 240 கிலோவாட் என்றால் பெரியது 193, சின்னது 47. லாம்டா 0.258 லீற்றர், அதாவது யுனிற்றுக்கு 72 ரூபா. மணிக்கு 68.4 லீற்றர் போகும். அதையே அளவுக்கேற்றபடி 160, 80 என்று பகிர்ந்தால் 69.0 லீற்றர்.

மிச்சம் மணிக்கு 0.6 லீற்றர்தான். இரண்டு ஜெனரேற்றரையும் ஒன்றாக இணைக்கும் சமாந்தரப் பலகையில் வரும் வழக்கமான சுமைப்பகிர்வுக் கருவி வீதப்படியே பிரிக்கும், இந்த 0.6 லீற்றருக்காக அதை மாற்றி அமைக்கத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. தேசிய அளவில் நூற்றுக்கணக்கான மெகாவாட்டில் அதே ஒரு வீதம் பெருங்காசு. உங்கள் வளவில் காசு வேறு இடத்தில் போகிறது.

எதை நிறுத்துவது என்பதே பெரிய முடிவு

சுமை 180 கிலோவாட்டுக்கு இறங்கியும் இரண்டையும் ஓட விட்டால், எவ்வளவு திறமையாகப் பகிர்ந்தாலும் 53.3 லீற்றர். பெரியதை மட்டும் ஓட்டினால் 48.9. பத்து மணி நேரத்தில் 44 லீற்றர் கையில். சுமை 60க்கு இறங்கினால் கணக்குத் தலைகீழாகும்: பெரியது 20.5, சின்னது 19.6. இந்த இரண்டு மெஷினுக்கும் எல்லை ஏறத்தாழ 77 கிலோவாட். அதற்குக் கீழே சின்னது தனியாக, 77 முதல் 200 வரை பெரியது தனியாக, அதற்கு மேல் இரண்டும்.

குறைந்த சுமையில் ஓட்டாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. டீசல் எஞ்சின் 30 வீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் ஓடினால் எரியாத டீசலும் கரியும் புகைக்குழாயில் படியும். இணைப்புகளில் கறுப்பாக வழியும். அந்தப் பழுதின் செலவு எந்த வளைகோட்டிலும் தெரியாது. 250 மணித்தியாலத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றும் செலவையும் மணிக்கணக்கில் பிரித்து முதல் எண்ணோடு சேருங்கள். சேவைக்கு 50,000 ரூபா என்றால் மணிக்கு 200 ரூபா, கிட்டத்தட்ட 0.7 லீற்றர்.

மறுபுறம், 200இல் 180 ஏற்றி ஓட்டும்போது ஐஸ் அமுக்கியின் (கொம்பிரசர்) மோட்டார் நேரடியாக ஸ்ராட் ஆனால் வழக்கமான மின்னோட்டத்தின் ஐந்து ஆறு மடங்கை இழுக்கும். மீதி 20 கிலோவாட் அதைத் தாங்காது, எல்லாமே விழும். மோட்டாரை மெதுவாகத் தொடக்கும் மென்தொடக்கி பூட்டுங்கள், அல்லது அந்த நேரத்துக்கு மட்டும் சின்னதை முன்கூட்டியே ஓட விடுங்கள்.

நாட்டு வலையமைப்பில் சேரும் சிக்கல்கள்

பல நிலையங்கள் இருந்தாலும் முறை மாறாது. ஒரு லாம்டாவை ஊகித்து, ஒவ்வொரு நிலையமும் அந்த விலைக்கு எவ்வளவு தரும் என்று போட்டு, உச்ச அளவைத் தாண்டுவதை உச்சத்திலும் கீழே போவதை அடியிலும் நிறுத்தி, கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை கேள்வியைவிட (அந்த நேரத்தில் நாட்டுக்குத் தேவையான மின்சாரம்) குறைந்தால் லாம்டாவை ஏற்றுங்கள், கூடினால் இறக்குங்கள்.

தூரத்துக்கும் விலை உண்டு. மேற்குக் கரையில் பிறக்கும் மின்சாரம் கிழக்கில் உள்ள வவுணதீவு, அம்பாறை உபமின் நிலையங்களுக்கு வந்து சேரும் வழியில் கொஞ்சம் சூடாகிப் போகும். அடுத்த மெகாவாட்டில் 5 வீதம் வழியில் கரைகிறது என்றால் 18 ரூபாயை 0.95ஆல் பிரியுங்கள்: இங்கே அதன் விலை 18.95.

தண்ணீருக்குப் பில் இல்லை என்று அதன் விலையைப் பூச்சியமாக எழுதுவதுதான் மோசமான பிழை. 100 மீற்றர் உயரத்திலிருந்து விழும் ஒரு கனமீற்றர் தண்ணீர், 85 வீத வினைத்திறனில், 0.23 யுனிற் தரும். அதை இன்று விட்டால் நாளைக்கு இல்லை. வரட்சியில் அந்த யுனிற்றுக்கு டீசல் சுழலியை ஓட்ட வேண்டி வருமென்றால் அந்தத் தண்ணீரின் இன்றைய விலை யுனிற்றுக்கு 95 ரூபா. கரியை மட்டும் மிச்சப்படுத்துமென்றால் 18. மாரியில் குளம் வான் பாயும்போது மட்டுமே அது பூச்சியம்.

இங்கினியாகலை நீர்மின் நிலையம் இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. சேனாநாயக்க சமுத்திரத்தின் தண்ணீர் வயலுக்குத் திறக்கும்போதுதான் அங்குள்ள சுமார் 11 மெகாவாட் ஓடும். எப்போது திறப்பது என்பதை அம்பாறை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களின் போகம் சொல்லும், விலை சொல்லாது. எனவே அதையும் சூரிய, காற்று மின்சாரத்தையும் கேள்வியிலிருந்து முதலிலேயே கழித்துவிட்டு, மீதிக்குத்தான் வரிசை போட வேண்டும்.

அந்த மீதி மிகவும் சுருங்கும் நாட்களில் மலிவு வரிசையே உடைகிறது. நுரைச்சோலையில் தலா 300 மெகாவாட்டில் மூன்று அலகுகள். ஒவ்வொன்றும் 200க்குக் கீழே இறங்காது என்று வைத்தால் 600 மெகாவாட்டுக்கு இடம் வேண்டும். நண்பகலில் நிறுத்தினால் மாலை உச்சத்துக்குள் திரும்பக் கொண்டுவர முடியாது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது இதனால்தான். அதற்கு முன், 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில், கேள்வி குறைந்து சோலார் கூடி, கனமாகச் சுழலும் மெஷின்கள் குறைந்திருந்த வேளையில் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. சுழலும் நிறை, கோளாறின்போது மின்சாரத்தின் அதிர்வெண் (செக்கனுக்கு எத்தனை தடவை திசை மாறுகிறது என்ற அளவு) விழுவதைத் தாமதப்படுத்தும். ஆகவே விலை கூடிய ஒரு மெஷினை வரிசைக்கு வெளியே ஓட விடுவது எல்லா நேரமும் வீண் செலவல்ல.

இந்த வரிசையின் நிழல் தொழிற்சாலை பில்லிலும் விழுகிறது: மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச விலை, 10.30 முதல் காலை 5.30 வரை மிகக் குறைவு. உச்ச நேரத்தில் சொந்த ஜெனரேற்றரைப் போட நினைப்பவர், பில்லில் உள்ள உச்ச யுனிற் விலையை 72 ரூபா லாம்டாவோடு அல்ல, சும்மா சுற்றும் டீசலும் சேர்ந்த சராசரியோடு ஒப்பிடட்டும்: மேலே வந்த 68.4 லீற்றரை 240 யுனிற்றால் பிரித்தால் ஏறத்தாழ 80 ரூபா. பில் விலை குறைவாக இருக்கும் வரை டீசல் ஊற்றுவது நட்டம். அமுக்கியை இரவு 10.30க்குப் பிறகு ஓட்டி, உச்ச நேரத்தில் உறைந்த பனிக்கட்டியின் குளிரிலேயே களஞ்சியத்தைத் தாக்குப்பிடிக்க வைக்கலாம். கதவு இறப்பர் கிழிந்திருந்தால் மட்டும் அந்த நான்கு மணி நேரம் தாங்காது, அதை முதலில் மாற்றுங்கள்.