வேளச்சேரியில் ஒரு பெட்ரூம் வீடு: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

சென்னை வேளச்சேரியில் வீடு பார்க்கப் போனால் முதலில் திறக்க வேண்டியது குழாய். டைல்ஸும் மாடுலர் கிச்சனும் தானாகவே கண்ணில் படும். தண்ணீர் விவரம் கேட்டால்தான் தெரியும். மெட்ரோ வாட்டர் வருகிறதா? சம்ப்பில் போர் தண்ணீரோடு கலந்து ஏறுகிறதா? லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தச் செலவு மெயின்டனன்ஸில் அடக்கமா, தனியா? 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் ஏரிகள் வறண்டபோது இந்தக் கட்டடம் எப்படிச் சமாளித்தது என்று வாட்ச்மேனிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ கேளுங்கள். புரோக்கர் சொல்வதை மட்டும் நம்பி இதை விட்டுவிடாதீர்கள்.

பாத்ரூமில் 15 லிட்டர் பக்கெட்டை வைத்து, குழாயை முழுக்கத் திறந்து நேரம் பாருங்கள். 3 நிமிடத்துக்குள் நிறைந்தால் நல்லது. 5 நிமிடம் ஆனால் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தினமும் அவஸ்தைதான். கடைசி மாடியில் இது அடிக்கடி நடக்கும். டேங்க் தலைக்கு நேர் மேலேயே இருப்பதால் தண்ணீர் விழும் உயரம் குறைவு, அதனால் அழுத்தமும் குறைவு. அப்படியே ஷவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். துளைகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, பாதி அடைத்திருக்கிறதா? கையில் சோப்பைத் தேய்த்தால் நுரைக்காமல் திரிகிறதா? அது உப்புத் தண்ணீர். கீசரின் ஹீட்டிங் காயிலும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் போகும்.

அடுத்தது மழைத் தண்ணீர். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி இது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரியின் பல தெருக்கள் மூழ்கின. ஆனால் ஒரு தெருவில் இடுப்பளவு நின்றால் அடுத்த தெருவில் கணுக்கால்கூட நனைந்திருக்காது. அதனால் ஏரியா பெயரைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். காம்பவுண்டு சுவரில் பழுப்புக் கோடு இருக்கிறதா, பார்க்கிங் தரை ரோட்டைவிடத் தாழ்ந்திருக்கிறதா, ஈபி மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பைக் எங்கே நிற்கும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

மின்சாரத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வீட்டுக்குத் தனி ஈபி சர்வீஸ் நம்பர் உண்டா? இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்கள் பில்லிலேயே கழியும். சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு ஓனர் சொல்வதுதான் கணக்கு. அந்த ரேட்டை எழுதி வாங்குங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் ஸ்லாபிலும் (குறைந்த யூனிட்டுகளுக்கான கட்டண அடுக்கு) ரேட் கூடிவிடும். ஏ.சி. ஓடுகிற மே, ஜூன் பில்லில் இதைக் கவனியுங்கள்.

இனி பணம். பணம் வாங்குபவர்தான் ஓனரா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். சொத்து வரி ரசீதிலும் ஈபி பில்லிலும் இருக்கும் பெயரும், பணம் போகிற வங்கிக் கணக்கின் பெயரும் ஒத்துப்போக வேண்டும். வீட்டைப் பார்க்கும் முன்பே 'டோக்கன்' அனுப்பச் சொல்கிறவர், தான் வெளியூரில் இருப்பதாகச் சொல்லி கியூஆர் கோடு அனுப்புகிறவர் யாராக இருந்தாலும் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பல லட்சம் கொடுத்து வாடகையில்லாமல் லீஸுக்குப் போவதாக இருந்தால் வில்லங்கச் சான்று கட்டாயம். வீட்டின் மேல் கடன் இருந்து ஓனர் கட்டாமல் விட்டால், வங்கி கதவைத் தட்டும்போது உள்ளே இருப்பது நீங்கள்தான்.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது. ஆனால் இருவரும் வேறு தொகைக்கு ஒப்புக்கொண்டால் அதுவே செல்லும். அதனால் பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்புதான். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, 90 நாளுக்குள் வாடகை ஆணையத்தில் பதிவு செய்யுங்கள். ஆன்லைனிலேயே செய்யலாம். 11 மாத ஒப்பந்தம்தானே என்று விட்டால், நாளைக்கு ஒரு தகராறு வரும்போது கையில் பிடிமானம் இருக்காது.

அந்த ஒப்பந்தத் தாளில் இவை எழுத்திலேயே இருக்கட்டும்: காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வாடகை ஏறும், மெயின்டனன்ஸ் யார் கட்டுவது, அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும், பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள். கடைசி வரிதான் அதிகம் சண்டை போட வைப்பது. ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங்குக்கு என்று கழிப்பது இங்கே சகஜம். நீங்கள் குடிபோகும்போது புதுப் பெயிண்ட் அடித்துத் தரவில்லை என்றால், அந்தப் பிடித்தம் கூடாது என்று எழுதச் சொல்லுங்கள்.

அலுவலகத்தில் வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்பவர்கள், ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் தேவைப்படும் என்பதை இப்போதே சொல்லி வையுங்கள். மார்ச்சில் கேட்டால் பலர் தர மாட்டார்கள்.

சாவி வாங்கும் நாளில், சாமான் இறக்கும் முன் வீட்டை முழுக்க வீடியோ எடுங்கள்: சுவர் ஈரம், கதவுக் கீறல், சிங்க் அடியில் கசிவு, ஈபி மீட்டர் ரீடிங். அதை அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தேதியும் பதிவாகிவிடும். கொடுக்கிற ஆதார் நகலின் மேல் 'வீட்டு வாடகைக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.