உயிரி எரிசக்தி: கொதிகலன் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகில் இன்னும் 200 கோடிக்கும் மேற்பட்டோர் விறகு, கரி, வறட்டி போன்றவற்றை எரித்துத்தான் சமைக்கிறார்கள். பெரும்பாலும் வளரும் நாடுகளில். அங்கே சேரும் சாணத்திலும் உமியிலும் சக்கையிலும் புகையில்லாத அடுப்பும் எரியும், மின்சாரமும் வரும். இதுதான் உயிரி எரிசக்தி. ஆனாலும் பல திட்டங்கள் படுத்துவிடுகின்றன. இயந்திரத்தை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் அதற்குத் தீனி தேடுகிறார்கள்.

நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. ஆக இத்தனை டன், இத்தனை மெகாவாட் என்று காகிதத்தில் பெருக்கிப் போடுவதுதான் முதல் சறுக்கல். உமி சும்மா கிடப்பதில்லை. செங்கல் சூளைக்குப் போகிறது, அரிசி ஆலையின் சொந்தக் கொதிகலனுக்கும் போகிறது. வைக்கோலை மாடு தின்கிறது. நேற்றுவரை இனாமாகக் கிடைத்தது, வாங்க ஒரு ஆலை வந்ததும் விலைப்பொருளாகிவிடும். போதாததற்கு உமி இடத்தை அடைக்கும், எடை இருக்காது. தூரம் கூடினால் லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும்.

பருவத்தை மறப்பதும் உண்டு. எல்லோரும் உதாரணம் காட்டும் மொரீஷியஸிலேயே, கரும்புச் சக்கையில் மின்சாரம் எடுத்த ஆலைகள் அறுவடை இல்லாத மாதங்களில் நிலக்கரியை எரித்துத்தான் ஓடியிருக்கின்றன.

2000-களில் இந்தியாவிலிருந்து மொசாம்பிக் வரை, விதை எண்ணெயில் டீசல் எடுக்கலாம் என்று காட்டாமணக்கு மோகம் பரவியது. தரிசில் அது பிழைக்கும், சரி. ஆனால் தண்ணீரும் உரமும் இல்லாமல் எதிர்பார்த்த அளவு காய்க்கவில்லை. வரைபடத்தில் தரிசு என்று குறித்த நிலத்தில் ஆடு மேய்ப்பவர்கள் இருந்தார்கள் என்பது தனிக்கதை.

வீட்டுச் சாண எரிவாயுக் கலனில் இதே தவறு சின்ன அளவில் நடக்கிறது. நாளுக்கு 2 கன மீட்டர் எரிவாயு தரும் கலனுக்குத் தினமும் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும், கரைக்க ஏறத்தாழ அதே அளவு தண்ணீரும் வேண்டும். நாலைந்து மாடு இருந்தால் போதும் என்பார்கள். பகலெல்லாம் மேய்ச்சலுக்குப் போகும் மாடு பாதிச் சாணத்தை வெளியிலேயே போட்டுவிட்டு வரும். கலன் கட்டும் முன் கொட்டகையில் சேரும் சாணத்தை ஒரு வாரம் எடை போட்டுப் பாருங்கள். தண்ணீரை யார் எடுத்துவருவது என்றும் கேளுங்கள். விறகுச் சுமை இறங்கிய தலையில் குடம் ஏறினால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன மிச்சம்?

மானியத்தைக் கட்டுமானத்தோடு நிறுத்துவது இன்னொன்று. கசியும் வால்வை மாற்ற ஆள் இல்லாவிட்டால் அந்த எரிவாயுவின் முக்கியப் பகுதியான மீத்தேன் காற்றில் போகும். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 28 மடங்கு சூடேற்றும். எரிவாயுவை எஞ்சினுக்குக் கொடுப்பதானால் அதில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற அரிக்கும் வாயுவைப் பிரித்தாக வேண்டும். இல்லாவிட்டால் உள்பாகங்கள் அரித்துப் போகும்.

எரிவாயு எடுத்தபின் கலனிலிருந்து வெளிவரும் ஸ்லரியை, அதாவது சாணக் குழம்பை, வரவில் எழுதாமல் விடுவதும் தவறுதான். சாணத்தின் தழைச்சத்து பெரும்பாலும் அதிலேயே தங்குகிறது. கேஸை மட்டும் வைத்துப் பார்த்தால் நட்டமாகத் தெரியும் கலன், உரச் செலவு குறைவதையும் சேர்த்தால் கட்டுப்படியாகலாம்.