பூம்புகார், தரங்கம்பாடி ஒரே நாளில்: வழிகாட்டியோடு போவது எப்படி?

பூம்புகாருக்கு முதன்முறை போகிறவர்களில் பாதிப் பேர் "அவ்வளவுதானா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பி வண்டியில் ஏறுவார்கள். நானும் அப்படித்தான் ஏறினேன். சோழர் துறைமுகம் எங்கே என்று கேட்டால் எல்லாரும் கடலைத்தான் கை காட்டுகிறார்கள். அதனால் கதை சொல்லத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உள்ளூர் வரலாற்று ஆசிரியர் கிடைத்தால் நல்லது, விவரம் தெரிந்த கார் ஓட்டுநர் என்றாலும் சரி. பேசி முடிக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கீழையூர் படகுத்துறை தெரியுமா?" முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கிளம்புவது மயிலாடுதுறையிலிருந்து, காலை 7 மணிக்குள். வெள்ளிக்கிழமை வேண்டாம், தரங்கம்பாடிக் கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. சித்திரை, வைகாசி வெயிலில் போவது வீண் வேலை. மார்கழி முதல் மாசி வரைதான் தோது.

கடற்கரைக்கு முதலில் போகாதீர்கள். கீழையூரில் இறங்கி அந்தச் செங்கல் படகுத்துறையைப் பாருங்கள். 1960களில் தொல்லியல் துறை தோண்டியெடுத்தது, படகு கட்டும் மரத்தூண்களும் கிடைத்தன, அந்த மரத்தைச் சோதித்துத்தான் காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு வாக்கில் என்று கணித்தார்கள். பார்வைக்கு வெறும் செங்கல் சுவர்தான், ஆனால் காவிரி ஒருகாலத்தில் இங்கேதான் படகுகளைக் கொண்டுவந்து விட்டது என்று சொல்ல ஆள் இருந்தால் சுவர் வேறு மாதிரி தெரியும். அடுத்து பல்லவனீச்சுரம். அங்கே இருப்பது புத்தத் துறவிகள் தங்கிய விகாரத்தின் அடித்தளம். மணிமேகலை பிறந்த ஊரில் விகாரம் இருந்ததில் என்ன ஆச்சரியம்!

அப்புறம் கடற்கரையில் இருக்கும் சிலப்பதிகாரக் கலைக்கூடம். 1973இல் திறந்த ஏழுநிலை மாடம், சுவரெல்லாம் கோவலன், கண்ணகி கதை கல்லில். கடலோரம் மருவூர்ப்பாக்கம், உள்ளே பட்டினப்பாக்கம், நடுவே நாளங்காடி என்ற பகல் சந்தை என்று ஊர் எப்படி இருந்தது என்பதை வழிகாட்டியிடம் இங்கேயே கேட்டுக்கொண்டு, கடலை அதற்குப் பிறகு பாருங்கள். கடலுக்கடியில் பத்தாயிரம் வருட நகரம் என்று அவர் ஆரம்பித்தால் சிரித்துக்கொண்டே கேளுங்கள், நம்ப வேண்டியதில்லை. கடலாய்வாளர்கள் 1990களில் 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவில் ஏதோ ஒன்றைக் கண்டது உண்மை, வயது முடிவாகவில்லை. குளிக்க இறங்காதீர்கள், அலை பொல்லாதது.

தெற்கே போகும் வழியில் திருக்கடையூர். முகூர்த்த நாளில் அறுபதாம் கல்யாண, எண்பதாம் கல்யாணக் கூட்டத்தில் வண்டி நகராது, ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு அதை விட்டால் சரியான ஊர் இல்லை.

தரங்கம்பாடியை நடந்துதான் பார்க்க வேண்டும். வண்டியை நகர வாயிலிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். ராஜ வீதியில் 1701இல் கட்டிய சீயோன் ஆலயம், 1718இல் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம், கடைசியில் டேனிஷ் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கியது, 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதியனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. கோட்டைக்கு மாலை 4 மணிக்குள் போய்விடுங்கள். அருங்காட்சியகம் சின்னதுதான், அரை மணி போதும், மிச்ச நேரத்தை மாசிலாமணிநாதர் கோயிலுக்கு வையுங்கள். 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில், கடல் தின்றது போக மிஞ்சியதைத்தான் பார்க்கிறோம்.

காரைக்காலையும் சேர்க்கலாமா என்றால், வேண்டாம், இருட்டிவிடும். பக்கத்தில் பொறையாரில் டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள். 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்த சீகன்பால்குவும் கூட்டாளிகளும் காகிதத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க ஆலை போட்டது இங்கேதான், அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பேர். டீக்கடையில் விசாரித்தால் கை காட்டுவார்கள்.