மஞ்சளுக்கு மஞ்சள் இல்லை: சேர்வருக்குள் கூடுதல் ஃபான் பூட்டும்போது விடும் பிழைகள்

போன கிழமை, கிளிநொச்சியில் என்ரை கடையில் வேலை பழகும் பெடியன் ரக் அலுமாரியில் பூட்டும் 4 யூ உயரச் சேர்வர் ஒன்றைத் திறந்துவைத்து, கையில் வயர் உரிக்கும் குறட்டோடு கேட்டான்: "அண்ணை, மஞ்சளுக்கு மஞ்சள், கறுப்புக்குக் கறுப்பு. சரிதானே?" எட்டிக் குறட்டை வாங்கி மேசையில் வைத்தேன். அவனாவது கேட்டான். நான் அந்த வயதில் யாரிடமும் கேட்காமல், எனக்கு நானே "ஓம், சரி" என்று சொல்லிக்கொண்டு செய்தவன்.

சோளகக் காற்றுத் தொடங்கினால் இங்கே புழுதியும் வெக்கையும் சேர்ந்தே வரும். ஏசி பூட்டிய சேர்வர் அறையை விரல்விட்டு எண்ணலாம். அதனால் "உள்ளுக்கு இன்னொரு ஃபான் போட்டுவிடுங்கோ" என்று கேட்டு வருகிறவர்கள் கனபேர். ஃபானை மற்றப் பக்கம் திருப்பிப் பூட்டுவது, வயர் இதழில் தட்டுவது போன்றவற்றை எழுதப்போவதில்லை. அவை சத்தம் போட்டுத் தாங்களே காட்டிக்கொடுத்துவிடும்.

நிறத்தை நம்புவது

பவர் சப்ளையில் இருந்து வரும் நாலு கம்பி மோலெக்ஸ் பிளக்கில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. இது எல்லோருக்கும் பாடம். ஆனால் மூன்று கம்பி ஃபானில் பெரும்பாலும் சிவப்புத்தான் 12 வோல்ட். மஞ்சள், எத்தனை சுற்று ஓடுகிறது என்று மதர்போட்டுக்குச் சொல்லும் சிக்னல் கம்பி. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. நாலு கம்பி ஃபானுக்கு இன்டெல் வகுத்த முறையில் மறுபடி மஞ்சள் 12 வோல்ட், பச்சை சிக்னல், நீலம் வேகக் கட்டுப்பாடு. ஒரு ஃபானில் சோறு போடுகிற மஞ்சள் மற்ற ஃபானில் கதை சொல்கிறது. பெரிய கம்பெனிச் சேர்வர்கள் சில இந்த இரண்டு முறைக்கும் அடங்காமல், தங்கள் பாட்டுக்கு ஆறு கம்பி விட்டிருக்கும்.

மாங்குளம் பக்கம் ஓர் அலுவலகத்தில் எனக்கு நடந்தது இது. மூன்று கம்பி, 120 மில்லிமீற்றர் ஃபான், லேபிளில் 12 வோல்ட், 1.65 அம்பியர். கிட்டத்தட்ட 20 வாட். மதர்போட்டின் ஃபான் பிளக் சாதாரணமாக 1 அம்பியர் அளவுதான் தாங்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தளவுக்குக் கெட்டிக்காரன். ஆகவே ஃபானின் பிளக்கை மதர்போட்டில் அப்படியே விட்டுவிட்டு, மோலெக்ஸின் மஞ்சளையும் கறுப்பையும் உரித்து ஃபானின் மஞ்சளோடும் கறுப்போடும் முறுக்கினேன். கரண்டுக்குக் கொஞ்சம் பலம் சேர்க்கிறேனாம்.

சுவிட்சைப் போட்டேன். ஃபான் சுற்றியது.

வினை அங்கேதான். சுற்றாமல் நின்றிருந்தால் உடனே நிற்பாட்டியிருப்பேன். ஆனால் சிவப்புக் கம்பி போட்டில் இருந்து தன் 12 வோல்ட்டை எடுத்துக்கொண்டு ஃபானை நன்றாகவே ஓட்டியது. நான் புதிதாகக் கொடுத்த 12 வோல்ட், மஞ்சள் வழியே போட்டின் சிக்னல் காலுக்குள் போய்க்கொண்டிருந்தது. கதிரையை இழுத்து இருந்து தேத்தண்ணியில் ஒரு மிடறு குடிக்கவும், மீன் தீய்ந்த மாதிரி ஒரு மணம். ஃபானுக்குள் இருக்கும் சின்ன ட்ரான்சிஸ்டர்தான் அந்தக் கம்பியைச் சுற்றுக்கு இரண்டு தரம் கறுப்போடு தொடுத்து விடுவிக்கும். துடிப்பு என்பது அதுதான். சில மில்லிஅம்பியருக்குச் செய்த சாமான் பவர் சப்ளையையே தலையில் தாங்கினால் கருகாமல் என்ன செய்யும்?

ஃபான் போனது போகட்டும். போட்டில் ஃபான்களைக் கண்காணிக்கும் சிப்பும் சேர்ந்து போய்விட்டது. அதன் பிறகு எந்த ஃபானைக் கொழுவினாலும் சேர்வர் "ஃபான் இல்லை" என்று சொல்லித் தன்னைத்தானே நிற்பாட்டிக்கொண்டது. டிஸ்க்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த மட்டில் பிழைத்தேன். அதே மொடலில் பழைய போட் ஒன்றைக் கொழும்பில் தேடிப்பிடித்து, இரவு பஸ்ஸில் போடுவித்து, விடியப்புறம் ஏ-9 வீதியில் நின்று வாங்கினேன். காசு என்ரை. ஒன்றரை மாத உழைப்பு. இத்தனை வருடம் கழித்தும் யாராவது "மஞ்சளுக்கு மஞ்சள்" என்றால் எனக்கு அந்த மணம்தான் வருகிறது.

செய்யவேண்டியது இதுதான். ஃபானின் 12 வோல்ட் கம்பி, அது எந்த நிறமானாலும், மோலெக்ஸின் மஞ்சளுக்கு. கறுப்பு கறுப்புக்கு. சிக்னல் கம்பி மட்டும் தனியாகப் போட்டின் மூன்றாம் காலுக்கு. நீலம் இருந்தால் நாலாம் காலுக்கு. போட்டின் 12 வோல்ட் கால் வெறுமையாகக் கிடக்கட்டும். ஃபானைக் கொழுவ முதல், மீற்றரின் கறுப்பு முனையைப் பெட்டியில் பெயின்ட் இல்லாத இரும்பில் வைத்து, சிவப்பு முனையால் மோலெக்ஸின் ஒவ்வொரு காலையும் தொட்டுப் பாருங்கள். ஃபானின் கம்பி எதுவென்று அந்த அளவை சொல்லாது. அதற்கு லேபிளில் உள்ள மொடல் இலக்கத்தை வைத்து, கம்பெனி வெளியிடும் விவரத் தாளான டேட்டாஷீட்டைத் தேடவேண்டும். டேட்டாஷீட் கிடைக்காத ஃபானை நான் இப்போது வாங்குவதே இல்லை, சும்மா தந்தாலும்.

யூஎஸ்பியில் இருந்து எடுப்பது

5 வோல்ட், சாதாரண யூஎஸ்பி 2.0 இல் 500 மில்லிஅம்பியர். 12 வோல்ட் ஃபானுக்குக் காணாது. விடுங்கள்.

7 வோல்ட் வித்தை

சத்தம் குறைய ஃபானின் கறுப்பை 5 வோல்ட்டில் கொழுவி, 12க்கும் 5க்கும் இடையிலான 7 வோல்ட்டில் ஓட்டுகிறார்கள். ஃபான் உள்ளே ஷோர்ட் ஆனால் 12 வோல்ட் நேரே 5 வோல்ட் கம்பிக்குள் இறங்கும். டிஸ்க்கின் சர்க்கிட் அந்த 5 வோல்ட்டில்தான் ஓடுகிறது.

இன்சுலேஷன் டேப்

நம்முடைய வெக்கைக்குப் பசை இளகி, டேப் மெல்ல மெல்லக் கழன்றுவிடும். சோல்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள்.

மூடியைக் கழற்றி மேசை ஃபானைத் திருப்பிவிடுவது

ரக் சேர்வரில் காற்று முன்னால் ஏறிப் பின்னால் போகும். மூடி பூட்டியிருந்தால்தான் அது புரொசசருக்கு மேலால் போகும். மூடியைக் கழற்றினால் குறுக்குவழியில் போய்விடும். உள்ளே சேர்வது கிரவல் தூசி.

ஃபானுக்குத் தனி அடப்டர்

12 வோல்ட் அடப்டரைச் சுவரில் குத்தி ஃபானை ஓட்டுவதில் தவறில்லை. சிக்னல் கம்பியையும் போட்டுக்குக் கொடுப்பதானால் அடப்டரின் மைனஸைப் பெட்டியின் கறுப்போடு சேர்க்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் எந்தச் சுவர்?

2022 இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன காலத்தில், பரந்தனில் ஒரு சேர்வர் நாள் தவறாமல் சூடேறி நிற்கிறது என்று கூப்பிட்டார்கள். ஃபான் புதியது, வயர் சரி, நிறமும் சரி. அரை மணித்தியாலம் தேடியும் ஒன்றும் பிடிபடவில்லை. கரண்ட் போனபோதுதான் விளங்கியது. சேர்வர் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது, ஃபான் மெல்ல நின்றது. அடப்டரைப் பிடுங்கிக்கொண்டு யூபிஎஸ்ஸின் பின்பக்கம் போனேன். மிச்சம் இருந்த ஒரேயொரு ஓட்டையில் யாரோ போனைச் சார்ஜில் போட்டிருந்தார்கள்.