வேர்ட்பிரஸில் ஜேபெக் படங்கள் வெப்பியாக வெளிவரச் செய்த விதம்

நான் பராமரிக்கும் கோயில் சிற்பப் புகைப்படத் தளத்தில், பதிவேற்றும் ஒவ்வொரு ஜேபெக் படத்துக்கும் வேர்ட்பிரஸ் (தளத்தை இயக்கும் மென்பொருள்) உருவாக்கும் சிறிய அளவுகளும் ஜேபெக்காகவே இருந்ததால், கைப்பேசியில் பக்கங்கள் திறக்க வெகுநேரம் பிடித்தது. 2021இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் 5.8 பதிப்பில் சேர்க்கப்பட்ட ‘இமேஜ் எடிட்டர் அவுட்புட் ஃபார்மேட்’ என்ற ஃபில்டரைக் (வேர்ட்பிரஸின் செயல்பாட்டை நம் நிரல்வரிகளால் மாற்ற உதவும் வசதி) கொண்டு, சிறிய அளவுகளை ஜேபெக்குக்குப் பதிலாக, கோப்பளவு குறைவாக இருக்கும் வெப்பி என்ற பட வடிவத்தில் உருவாக்குமாறு குறிப்பிட்டேன். இந்த நிரல்வரிகளைத் தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் எழுதினால் தீமை மாற்றும்போது அது செயலிழந்துவிடும் என்பதால், தனியாகச் சிறு பிளகினாக (கூடுதல் நிரலாக) வைப்பதே நல்லது. மூலப்படம் ஜேபெக்காகவே சர்வரில் இருக்கிறது. சிற்பங்களை ஆவணப்படுத்துவோருக்கு இது பெரிய நிம்மதி.

பழைய படங்களுக்குத்தான் கவனம் தேவை. கமாண்ட் லைனில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்), சிறிய அளவுகளை மீண்டும் உருவாக்கும் ‘மீடியா ரீஜெனரேட்’ கட்டளையை அப்படியே இயக்கினால் முந்தைய சிறிய ஜேபெக் கோப்புகள் அழிக்கப்பட்டு, பழைய பதிவுகளில் படங்கள் தெரியாமல் போகக்கூடும். எனவே அந்தக் கோப்புகளை அழிக்காமல் விடும் ‘ஸ்கிப் டிலீட்’ என்ற தெரிவையும் சேர்த்தே இயக்கினேன்.