முதல் வருட விமான டிக்கெட்: எங்கே தேடுவது, எங்கே வாங்குவது

வெளிநாட்டில் வந்து இறங்கிய சில மாதங்களிலேயே டிக்கெட் பார்க்க வேண்டி வந்துவிடும். வீட்டில் ஒரு கல்யாணம், அப்பா அம்மாவை அழைத்து வருவது, விசா புதுப்பிக்கப் போவது என்று ஏதாவது ஒன்று இருக்கும். தேடினால் ஒரே விமானத்துக்கு ஏழெட்டு விலை வரும். விமான நிறுவனம் சொல்வதைவிடக் கொஞ்சம் குறைத்து, பெயரே கேள்விப்படாத ஒரு தளம் முதல் வரிசையில் நிற்கும். கை தானாக அங்கேதான் போகும்.

தேடிக் காட்டும் தளம் வேறு, விற்கும் தளம் வேறு. கூகுள் ஃப்ளைட்ஸ், ஸ்கைஸ்கேனர், கயாக் போன்றவை பெரும்பாலும் விலையைக் காட்டிவிட்டு, விற்பவரிடம் உங்களை அனுப்பிவிடும். எக்ஸ்பீடியா, மேக்மைட்ரிப் போன்றவை இணையத்தில் கடை விரித்திருக்கும் டிராவல் ஏஜென்ட்கள். தேடும் தளங்களில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தேடுங்கள், அதில் ஒரு நஷ்டமும் இல்லை. யோசிக்க வேண்டியது, பணத்தை யாரிடம் கட்டுகிறோம் என்பதை மட்டும்தான்.

என் கருத்து இதுதான்: முதல் ஒன்றிரண்டு வருடங்களுக்கு, விலை கொஞ்சம் கூடினாலும், விமான நிறுவனத்திடமே நேரடியாக வாங்குங்கள். புதிதாக வந்தவருடைய பயணத்தில் எதுவும் நிலையாக இருப்பதில்லை. பாஸ்போர்ட் விசா அலுவலகத்தில் மாட்டிக்கொள்ளும். மேலாளர் லீவைத் தள்ளிப்போடச் சொல்வார். அம்மாவின் விசா நேர்காணல் தேதி மாறும். எடுத்த டிக்கெட்டில் எப்படியும் ஒருமுறை கை வைக்க வேண்டியிருக்கும். நேரடி டிக்கெட்டின் அருமை அன்றைக்குத்தான் தெரியும்.

மாற்ற வேண்டி வந்தால்

தேதியை மாற்ற விமான நிறுவனத்துக்கு போன் செய்வீர்கள். "இது ஏஜென்ட் எடுத்த டிக்கெட், அவங்களைத்தான் நீங்க கேட்கணும்" என்பார்கள். தளத்தைக் கூப்பிட்டால், "ஏர்லைன் கிட்ட அனுமதி கேட்டிருக்கோம், மூணு வேலை நாள் ஆகும்" என்று பதில் வரும். நீங்கள் கிளம்ப வேண்டியதோ நாளை மறுநாள். பேசுபவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, ஏற்பாடே அப்படி. ஏஜென்டின் பதிவு அமேடியஸ், சேபர், டிராவல்போர்ட் போன்ற பொது முன்பதிவு அமைப்புகளின் வழியாகப் போவதுதான் வழக்கம். டிக்கெட் ஏஜென்ட் கையில் இருக்கும்வரை விமான நிறுவன ஊழியர் பெரும்பாலும் அதைத் தொட மாட்டார். பயண நாளில் விமானம் ரத்தானால், விமான நிலைய கவுன்டரிலேயே மாற்றித் தந்துவிடுவார்கள். அதற்கு முந்தைய நாட்களில்தான் இந்தப் பந்தாட்டம்.

செலவும் இரண்டு பக்கமும் வரும். விமான நிறுவனத்தின் மாற்றக் கட்டணம் ஒன்று, அதற்கு மேல் தளத்தின் சேவைக் கட்டணம் ஒன்று. நிறுவனம் இலவசமாக மாற்றித் தந்தாலும், தன் பங்கை விட்டுக்கொடுக்காத தளங்கள் உண்டு. வாங்கும்போது மிச்சம் பிடித்த பணம் இங்கேயே கரைந்துவிடும்.

விமான நேரம் மாறினாலும் இதே கதைதான். தகவல் முதலில் ஏஜென்டுக்குப் போகும். சில தளங்கள் உங்கள் மின்னஞ்சலுக்குப் பதிலாகத் தங்கள் மின்னஞ்சலையே பதிவில் போட்டுவைக்கும். அதனால் எங்கே வாங்கியிருந்தாலும், விமான நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பதிவைத் திறந்து, உங்கள் போன் எண்ணும் மின்னஞ்சலும் இருக்கிறதா என்று அன்றே பார்த்துவிடுங்கள்.

பணம் திரும்பக் கேட்கும்போது, கார்டு ஸ்டேட்மென்டில் யார் பெயர் இருக்கிறது என்பது முக்கியம். அமெரிக்காவில் 2024-ல் வந்த விதிப்படி, விமானம் ரத்தானால் பணத்தைத் திருப்ப வேண்டியவர் அந்தப் பெயருக்கு உரியவர்தான். அது தளமாக இருந்தால், நீங்கள் துரத்த வேண்டியது தளத்தை. அமெரிக்காவில் இன்னொரு நல்ல விதியும் இருக்கிறது. புறப்பட ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது டிக்கெட் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அபராதமில்லாமல் ரத்து செய்ய விட வேண்டும், இல்லாவிட்டால் பணம் வாங்காமலே விலையை 24 மணி நேரம் பிடித்துவைக்க வேண்டும். இது விமான நிறுவனத்திடம் நேரடியாக எடுத்தால் மட்டும்தான். தளங்கள் அப்படிச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை; செய்பவர்கள் தங்கள் விருப்பத்தில் செய்கிறார்கள்.

எங்கே வாங்கினாலும் போகாத உரிமைகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், அது விமான நிறுவனத்தின் கையை மீறிய காரணத்தால் இல்லையென்றால், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை நஷ்டஈடு கேட்கலாம். ஒன்றியத்திலிருந்து புறப்படும் எல்லா விமானத்துக்கும் இது பொருந்தும். வெளியிலிருந்து உள்ளே வரும்போது, ஓட்டுவது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டும்.

பெயர்க் கட்டம்

நம்மவர்களுக்கு அதிகம் தலைவலி தருவது இதுதான். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. டிக்கெட் படிவத்திலோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. ஒரு விமான நிறுவனம் இருக்கும் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும். இன்னொன்று முதல் பெயர்க் கட்டத்தில் எஃப்.என்.யு. (FNU, 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்லும். ஒற்றைப் பெயர்க்காரர்களின் அமெரிக்க விசாவில் அச்சாகும் அதே மூன்றெழுத்துதான் அது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு வழக்கம், தங்கள் உதவிப் பக்கத்தில் எழுதியும் வைத்திருப்பார்கள். இடைத்தளத்துக்கு இந்த வழக்கமெல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்ப முடியாது, எல்லா நிறுவனத்துக்கும் ஒரே படிவம்தான்.

நம்மவர்கள் பழக்கதோஷத்தில் சர்நேம் கட்டத்தில் வெறும் இனிஷியலைப் போட்டுவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், டிக்கெட்டில் ஓர் எழுத்து மட்டும் இருக்கும். பெயர்த் திருத்தத்துக்கு விமான நிறுவனங்கள் கொஞ்சம்தான் இடம் கொடுக்கும், ஆளையே மாற்றப் பெரும்பாலும் விடாது. நேரடியாக எடுத்த டிக்கெட் என்றால் ஒரு போனில் முடியக்கூடியது, நடுவில் ஏஜென்ட் இருந்தால் முன்பு சொன்ன பந்தாட்டம் ஆகிவிடும். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் அடியில் இரண்டு வரியாக அச்சாகியிருக்கும் எழுத்துகளைப் பார்த்து நிரப்புங்கள்.

பெற்றோரை ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அழைப்பவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் அங்கே அறிவித்தார்கள். பணம் கட்டும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

ஒட்டுப்போட்ட டிக்கெட்

மலிவு விலையின் ரகசியம் பல நேரங்களில் இது: சம்பந்தமே இல்லாத இரண்டு நிறுவனங்களின் தனித்தனி டிக்கெட்டுகளை ஒட்டி, ஒரே பயணம் போலக் காட்டுவார்கள். 'சுயமாக மாறிக்கொள்ள வேண்டும்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். நடுவில் இறங்கி, குடியேற்றப் பரிசோதனையைத் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும் என்பதுதான் அதன் பொருள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அந்த இரண்டாவது நிறுவனத்துக்கு முதல் விமானத்தின் தாமதத்தில் எந்தப் பொறுப்பும் இல்லை. வராதவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் விசா. பெட்டியை எடுக்க வெளியே வருவது என்றால் அந்த நாட்டுக்குள் நுழைவது என்றே அர்த்தம், அதற்கான விசா கையில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் விமானம் மாறினால், ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் குடியேற்றப் பரிசோதனை உண்டு. இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு, ஒரே பொது விசா வைத்திருக்கும் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்கும் தனி விசா வேண்டும். ஏற்கெனவே ஷெங்கன், அமெரிக்க, கனடா விசா அல்லது சில நாடுகளின் குடியிருப்பு அட்டை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. டிக்கெட் விற்கும் தளம் இதையெல்லாம் உங்களுக்காகப் பார்க்காது. கிளம்பும் விமான நிலையத்தின் செக்-இன் கவுன்டரில்தான் முதல் ஆளாகக் கேட்பார்கள், விசா இல்லையென்றால் ஏற்ற மாட்டார்கள்.

முதல் முறை வரும் பெற்றோருக்கு ஒரே டிக்கெட், முடிந்தால் ஒரே ஒரு இடத்தில் மாறுவது, அதுவும் நேரடியாக எடுத்தது. இதில் பேரம் பேசவே வேண்டாம். சக்கர நாற்காலிக்கு விமான நிறுவனத்திடம் பதிவு செய்ய வேண்டும், இரண்டு நாளைக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

தளத்தில் வாங்கலாம் என்றால்

தேதி மாறவே மாறாது, போவது நீங்கள் ஒருவர் மட்டும், விலை வித்தியாசமும் பெரிது என்றால் தாராளமாக வாங்குங்கள். கூப்பிட்டால் போனை எடுக்கும், தெரிந்த டிராவல் ஏஜென்டும் நல்ல வழிதான். முகம் தெரியாத தளத்தைவிட நான் அவரையே நம்புவேன்.

வாங்கியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. 'பதிவு உறுதி' என்று மின்னஞ்சல் வந்தால் மட்டும் போதாது, 13 இலக்க டிக்கெட் எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தின் அடையாளம். ஏர் இந்தியா 098, எமிரேட்ஸ் 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618. அந்த எண் வரவில்லை என்றால், பணம் போயிருந்தாலும் டிக்கெட் இன்னும் பிறக்கவில்லை. தளம் தரும் குறிப்பு எண்ணும் விமான நிறுவனத்தின் ஆறெழுத்து முன்பதிவு எண்ணான பி.என்.ஆரும் வேறு வேறாக இருக்கலாம், நிறுவனத்தின் பி.என்.ஆரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசிப் பக்கத்தில் காப்பீடு, 'முன்னுரிமைச் சேவை' போன்றவற்றுக்குத் தானாக டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். பெட்டி விலைக்குள் அடக்கமா என்றும் பாருங்கள். அப்புறம், கிரெடிட் கார்டு வந்துவிட்டது என்றால் டெபிட் கார்டை விட்டு அதில் கட்டுங்கள். விற்றவர் ஏமாற்றினால் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கும்.

ஏதாவது சிக்கல் வந்தால், விமான நிறுவனத்தின் பெயரோடு 'கஸ்டமர் கேர்' என்று தேடி, முதலில் வரும் எண்ணைக் கூப்பிடாதீர்கள். அப்படி வருவதில் போலி எண்கள் உண்டு, எடுத்தவுடன் கார்டு விவரமும் ஓ.டி.பி.யும் கேட்பார்கள். எண்ணை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ செயலியிலிருந்தோ மட்டும் எடுங்கள்.