மேகசினுக்கு நம்பர் போடுங்கள்

விலை குறைந்த செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் புதிதாக வாங்கியிருந்தால், மேகசின்களின் (தோட்டாக்களை அடுக்கிப் பிஸ்டலில் செருகும் பெட்டி) அடியில் பெயின்ட் பேனாவால் 1, 2, 3 என்று நம்பர் போட்டுவிடுங்கள். பயிற்சியில் தோட்டா சிக்கும்போதெல்லாம் எந்த நம்பர் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தோட்டாவைச் சரியான கோணத்தில் பிடித்து மேலே தள்ளுவது மேகசினின் மேல்விளிம்பும் ஸ்பிரிங்கும்தான். விளிம்பு லேசாக வளைந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ ஸ்லைடால் (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) தோட்டாவை ஒழுங்காக உள்ளே தள்ள முடியாது. ஒரே நம்பரில் திரும்பத் திரும்பச் சிக்கினால் அந்த மேகசினை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும், பிஸ்டலை ரிப்பேருக்குக் கொடுக்கும் செலவு மிச்சம்.

எல்லா நம்பரிலும் சிக்கினால் இது உதவாது. நன்றாகச் சுத்தம் செய்து, அப்புறம் வேறு வகைத் தோட்டா போட்டுப் பாருங்கள். சுடும்போது சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாகக் கேட்டால் நம்பரை மறந்துவிடுங்கள். உடனே நிறுத்தி, தோட்டாக்களை முழுக்க எடுத்துவிட்டு, குழலுக்குள் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.